பிள்ளைக்கு முதல் கூத்து: எந்த இரவு?

மும்பையில் நீதா முகேஷ் அம்பானி பண்பாட்டு மையத்தில் 2023இல் ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ நடந்தது. பிள்ளைகளை முதன்முதலில் எந்தப் பெரிய இசைநாடகத்துக்குக் கூட்டிப்போவது என்று வசதியுள்ள பெற்றோர் அப்போது யோசித்திருப்பார்கள். வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் அதற்கு மும்பை வரை போக வேண்டியதில்லை. திரௌபதி அம்மன் கோயிலில் அக்கினி வசந்த விழாவுக்குக் கொடியேறினால் பகலில் வில்லிபாரதச் சொற்பொழிவு, இரவில் விடிய விடியக் கூத்து. டிக்கெட் கிடையாது, பாய் மட்டும் கொண்டுபோக வேண்டும்.

இந்தக் கலையைப் பற்றிப் புத்தகங்களுக்குக் குறைவில்லை. திரௌபதி வழிபாட்டை ஆல்ஃப் ஹில்டபைடல் 1988இல் எழுதினார். பாரதக் கூத்தை ரிச்சர்ட் ஃபிராஸ்கா 1990இல், கட்டைக்கூத்தை ஹன்னே டி ப்ரூயின் 1999இல். சடங்கையும் சாதியையும் ஆட்டமுறையையும் தேடுகிறவர்களுக்கு அவற்றில் நிறையக் கிடைக்கும். ஏழு வயதுப் பிள்ளையின் அப்பாவுக்குத் தெரிய வேண்டியதோ ஒன்றுதான்: எந்த நாள் போவது?

பொதுவாக எந்த ஜமா, அதாவது எந்தக் கூத்துக் குழு, நல்ல ஜமா என்றுதான் விசாரிப்பார்கள். பெரியவர்களுக்கு அது சரி. பிள்ளைக்கு முக்கியம் கதை. என் ஓட்டு பகாசூரனுக்கு. வண்டி நிறையச் சோற்றோடு பீமன் கிளம்புகிறான், அசுரனுக்குப் போக வேண்டியதைத் தானே தின்கிறான், பிறகு சண்டை. சில ஊர்களில் பீமன் வேஷக்காரர் பகலிலேயே வண்டியில் தெருத்தெருவாக வருவார், வீட்டுக்காரர்கள் சோறும் பலகாரமும் கொடுப்பார்கள். தூக்கம் கெடாமல் பார்க்கக் கிடைப்பது பெரிய சௌகரியம்.

அடுத்தது அர்ச்சுனன் தபசு. நட்டுவைத்த உயரமான தபசு மரத்தில் அர்ச்சுனன் பாடிக்கொண்டே ஏறுவான். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் விழும்போது கீழே முந்தானை விரித்துப் பெண்கள் நிற்பார்கள். பிள்ளைக்குக் கண் முழுக்க மரத்தின் மேல்தான் இருக்கும். சூது துகிலைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம் என்பது என் கட்சி. சபையில் ஒரு பெண்ணை இழுத்துவருவதை ஐந்து வயதில் விளக்க முடியாது. பத்து வயதுக்கு மேல் அதைக் கட்டாயம் காட்ட வேண்டும்.

எந்த நாளானாலும் வேஷம் திரைக்குப் பின்னால் வரும் நேரத்தைத் தவறவிடக் கூடாது. இரண்டு பேர் துணியைப் பிடித்திருப்பார்கள். மேலே கிரீடத்தின் நுனி, கீழே சலங்கை கட்டிய கால்கள், நடுவில் குரல் மட்டும். லேசான கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு ஒட்டிய கிரீடமும் புஜக்கட்டையும் துணி விலகியதும் வெளிச்சத்தில் மின்னும். அந்த ராஜாவைக் கோமாளியான கட்டியக்காரன் அடுத்த நிமிஷமே கேலி செய்வான். பிள்ளைகள் முதலில் ஒட்டிக்கொள்வது அவனோடுதான். ராஜா பாடும்போது தூங்கினால் தூங்கட்டும். சண்டைக்கு மத்தளமே எழுப்பிவிடும். அந்த மத்தளமும் தோல்தான், தோல் பதனிடுகிற ஊர்ப் பிள்ளைக்கு அதைச் சொல்லலாம்.

இன்னொன்றும் சொல்லலாம். திரௌபதி அம்மனின் காவலர்களில் முத்தால ராவுத்தர் என்ற முஸ்லிம் வீரர் ஒருவர் உண்டு. ஆம்பூரில் பக்கத்து வீட்டு முஸ்லிம் நண்பனையும் கூட்டிப்போக இதைவிட நல்ல சாக்கு வேண்டாம்.

பார்த்துவிட்டு வந்த பிள்ளை தானும் ஆட வேண்டும் என்று நிற்கும். காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் கூத்துக் கலைஞர் பெருங்கட்டூர் ராஜகோபாலும் டி ப்ரூயினும் 2002இல் தொடங்கிய குருகுலத்தில் பள்ளிப் படிப்போடு கூத்தும் சொல்லிக்கொடுத்தார்கள். ஆண்களே ஆடிவந்த கலையில் பெண் பிள்ளைகளும் கட்டை கட்டினார்கள். அது 2020இல் மூடப்பட்டுவிட்டது. இனி விழா முடிந்த காலையில், வேஷம் கலைக்கும் கொட்டகையில் ஜமா வாத்தியாரைத்தான் கேட்க வேண்டும்.