எழுப்பவும் அணைக்கவும்

லினக்ஸ் கர்னலில் ஓவி8865 என்ற கேமரா சென்சாருக்கான டிரைவரைத் திறந்தால், நான் மறுபடி மறுபடி போய் நிற்பது சென்சாரை எழுப்பும் இடத்தில்தான். டிரைவர் ரீசெட்டைப் பிடித்துக்கொண்டு மூன்று மின் இணைப்புகளை (ரெகுலேட்டர்களை) ஒவ்வொன்றாகத் திறக்கிறது, அடுத்து கிளாக், அதன் பிறகே ரீசெட்டை விடுகிறது. அணைக்கும்போது இதே வரிசை தலைகீழ், பிரித்த டிபன் கேரியரைத் திரும்ப அடுக்குவதுபோல. நடுவில் ஒன்று இயங்க மறுத்தால், அணைக்கும் வரிகளுக்குள் சரியான இடத்தில் குதித்து, அதுவரை திறந்ததை மட்டும் மூடுகிறது. எவ்வளவு சிக்கனமான கை!

இதே டிரைவர் இரண்டு விதமான ஃபெர்ம்வேரோடு வாழ வேண்டும். டிவைஸ் ட்ரீ என்ற வன்பொருள் விவரப் பட்டியல் உள்ள பலகைகளில் ரெகுலேட்டர், கிளாக், ரீசெட் எல்லாவற்றையும் ஃபெர்ம்வேர் அடையாளம் காட்டிவிடும்; இயக்குவது டிரைவரின் பொறுப்பு. ஏசிபிஐ முறையில் இயங்கும் கணினிகள் பலவற்றில் ஃபெர்ம்வேரே மின்சாரத்தையும் கிளாக்கையும் போட்டுத் தரும். கிளாக்கின் வேகம் மட்டும் ஓர் எண்ணாக வரும். இதற்காக டிரைவரை இரண்டாக எழுதவில்லை. இல்லாத கிளாக்கை இயக்கச் சொன்னால் கர்னல் 'சரி' என்றே பதில் தருகிறது. இல்லாத ரெகுலேட்டருக்குப் பதில் ஒரு பொம்மை ரெகுலேட்டர் வந்து நிற்கிறது. ஓரிடத்தில் மின்சாரம் பாய்ச்சும் அதே வரி, இன்னோரிடத்தில் சத்தமின்றிக் கடந்துபோகிறது. இந்த மௌனம்தான் எனக்கு மிகப் பிடித்தது.

ஆனால் கிளாக்கின் வேகத்தில் மௌனம் செல்லாது. முதலில் 24 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்திருந்த இந்த டிரைவருக்கு, சர்ஃபேஸ் கோ போன்ற இன்டெல் கணினிகளுக்காக 19.2 மெகாஹெர்ட்ஸும் கற்றுத்தரப்பட்டது. சென்சாருக்குள் 24ஐ 30ஆல் பெருக்கினால் 720. 19.2ஐ இரண்டாக வகுத்து 75ஆல் பெருக்கினாலும் அதே 720. இரண்டு பாதைகளும் ஒரே வாசலில் சேரும் டிரைவரின் அட்டவணையைப் பார்க்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது. கிளாக்கின் வேகத்தைத் தவறாக எண்ணிக்கொண்டால் படத்தைக் கடத்தும் இணைப்பின் வேகமும் ஒளிபடும் நேரமும் சேர்ந்தே பிசகிவிடும்.

இன்னொரு நுட்பம் ஐஎம்எக்ஸ்319 என்ற வேறொரு கேமரா சென்சாரின் டிரைவரில் இருக்கிறது. சில மடிக்கணினிகளில் கேமரா விளக்கு சென்சாரின் மின்சாரத்தோடு பிணைந்திருக்கும். கணினி தொடங்கும்போது அடையாள எண்ணைப் படிப்பதற்காகச் சென்சாரை எழுப்பினால் விளக்கும் ஒரு கணம் எரியும்; பார்ப்பவருக்கு யாரோ தன்னைக் கவனிப்பதுபோல் திக்கென்றிருக்கும். 'இப்போது எழுப்ப வேண்டாம்' என்று ஏசிபிஐ சொன்னால் டிரைவர் கேட்டுக்கொள்கிறது. படம் வேண்டுமென்று ஒருவர் உண்மையிலேயே கேட்கும்வரை சென்சார் தூங்குகிறது, விளக்கும் இருட்டாகவே இருக்கிறது.