உப்புக்காற்றின் மேல் போடும் பழி

2025 ஒக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10க்கான மைக்ரோசொப்ட்டின் ஆதரவு முடிந்தது. பேசாலையில் என் மருமகளின் லப்டொப்பை விண்டோஸ் 11க்கு மாற்றினோம். காலையில் வைபையில் பாடம் பார்த்த லப்டொப்பில் மாலையில் வைபை அடையாளமே இல்லை. மூன்று இடத்தில் கேட்டேன், மூன்று தீர்ப்பு வந்தது. "உப்புக்காத்துப் பட்டு கார்ட் செத்திட்டுது" என்றார் ஒருவர். "போமட் அடிச்சால் சரிவரும்" என்றார் அடுத்தவர். மூன்றாமவர் வைபை டொங்கிள் வாங்கச் சொன்னார்.

உப்புக்காற்று என்றால் பேசாலை இருக்கும் இந்தத் தீவில் மறுத்துப் பேச ஆளில்லை. சைக்கிள் செயினும் ஜன்னல் கம்பியும் படும் பாட்டைத் தினமும் பார்க்கிறோம். ஆனால் துரு மெல்ல மெல்லத் தின்னும். விண்டோஸ் மாற்றிய அதே மாலையில் கார்ட் போய்விட்டதென்றால் முதலில் விசாரிக்க வேண்டியது அந்த மாற்றத்தைத்தான். விசாரணைக்கு ஐந்து நிமிடம் போதும். டிவைஸ் மனேஜரில் மஞ்சள் அடையாளத்தோடு நிற்கும் சாதனத்தைத் திறந்து ஹார்ட்வெயார் ஐடியைப் பார்க்க வேண்டும். தயாரிப்பாளர் எண் 8086 என்றால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக். இப்படித் தன் பெயரைச் சொல்லும் கார்ட் முற்றாகச் சாகவில்லை. கூடவே பிழை எண் 28 இருந்தால், கார்ட்டை இயக்கும் மென்பொருளான ட்ரைவர் இல்லை என்பதே பொருள். எண் 10 என்றால் ட்ரைவரும் காரணமாகலாம், கார்ட்டும் காரணமாகலாம். கார்ட்டின் சுவடே இல்லாதபோதுதான் உப்புக்காற்றைச் சந்தேகிப்பதில் நியாயம் உண்டு.

போமட் யோசனைதான் எனக்கு மிகவும் கவலை தருவது. ஏற்கெனவே ட்ரைவர் கிடைக்காத கணினியைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றினால் அந்த ட்ரைவர் எங்கிருந்து வரும்? அதற்கு மேல், விண்டோஸ் 11 வீட்டுப் பதிப்பு நிறுவும்போதே இணையத் தொடர்பு கேட்கும். வைபை இல்லாத லப்டொப் அந்தத் திரையிலேயே நின்றுவிடும். பிள்ளையின் படங்களும் பாடக் குறிப்புகளும் போனதுதான் மிச்சம். ட்ரைவருக்குச் சில பத்து எம்பி போதும். முழு விண்டோஸை இறக்கப் பல ஜிபி வேண்டும். கைபேசி டேட்டாவை அளந்து பாவிக்கும் வீட்டுக்கு அந்த வித்தியாசம் பெரிது.

டொங்கிளை அப்படித் தள்ளிவிட மாட்டேன். தயாரிப்பாளரே கைவிட்ட பழைய கார்ட்டுக்கு அது நியாயமான மாற்று. ஆனால் விண்டோஸ் 10க்கு எழுதிய ட்ரைவர் பல கார்ட்டுகளில் 11இலும் ஓடுகிறது. அதைப் போட்டுப் பார்க்கும் முன் காசு கொடுப்பது அவசரம். பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியும் உண்டு, வழக்கமாகப் பத்து நாளுக்குள். ஆனால் திரும்பிப் போவது ஆதரவு முடிந்த விண்டோஸுக்கு.

கார்ட்டும் ட்ரைவரும் சரியாக இருந்தும் தொடர்பு அறுவதுண்டு. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது, பழைய விபிஎன் மென்பொருள் விட்டுச்சென்ற வடிகட்டி ஒன்று பல கணினிகளின் இணைப்பை முடக்கியதை மைக்ரோசொப்ட்டே ஒப்புக்கொண்டது. 2023 டிசம்பரில் விண்டோஸ் 11 இற்றைப்படுத்தல் ஒன்று பல்கலைக்கழக, அலுவலக வைபைகளைக் குழப்பியது. அந்தக் குழப்பத்தை உண்டாக்கிய மாற்றத்தை நிறுவனமே மீளப்பெற்றது. இரண்டிலும் பிழை மென்பொருளில்.

ஆகவே என் தீர்ப்பு இது: முதல் மருந்து ட்ரைவர், கடைசி மருந்து போமட். "சிறந்த ட்ரைவர் ஏற்கெனவே உள்ளது" என்று விண்டோஸ் சொல்வதை நம்பி நிறுத்தக்கூடாது. அதைவிடப் பொருத்தமானது தன் கையில் இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். விண்டோஸ் மாற்றித் தரும் கடை, வேலை தொடங்குமுன் வைபை ட்ரைவரைப் பென் ட்ரைவில் எடுத்து வைக்கக் கடமைப்பட்டது. அதைச் செய்யாமல் பிறகு போமட்டுக்கும் காசு கேட்பது அநியாயம்.

எங்கள் லப்டொப்பில் 10இசியும் 28உம் இருந்தன. அன்ட்ரொய்ட் கைபேசியை யூஎஸ்பி வயரால் இணைத்து டெதரிங் போட்டோம். அதற்கு வைபை கார்ட் தேவையில்லை. லப்டொப் நிறுவனத்தின் பக்கத்தில் அந்த மொடலுக்குரிய ட்ரைவரை இறக்கி நிறுவி, அணைத்துத் திறந்தோம். மூன்று வருடம் பேசாலைக் காற்றில் இருந்த அதே கார்ட் வீட்டு ரவுட்டரின் பெயரைக் காட்டியது.