கவிழ்ந்த உள்ளங்கை

திரைப்படம் என்ற சொல்லைக் கேட்டதும் ஆடலும் பாடலும் வீண்பொழுதுமே நினைவுக்கு வரும் இல்லங்கள் நம்மிடையே பல. அந்த வெறுப்புக்குக் காரணம் இல்லாமலில்லை. ஆயினும், தரங்கெட்ட நூல்கள் மலிந்துவிட்டன என்பதற்காக எழுத்தையே எவரும் விலக்குவதில்லை. நல்ல நூல் எது என்று தேர்ந்தெடுக்கவே கற்றுக்கொள்கிறோம். திரைக்கலைக்கும் அதே நீதி பொருந்தும். அவ்வாறு தேர்ந்தெடுத்துப் பார்க்கத் தக்க படங்களுள் ஒன்று, இத்தாலியில் 1952ஆம் ஆண்டு வெளிவந்த ‘உம்பெர்த்தோ டி.’ என்பதாகும். இதனை இயக்கியவர் விட்டோரியோ டி சிக்கா. கதை வசனம் செசாரே ஸவாட்டினி. டி சிக்கா இப்படத்தைத் தம் தந்தைக்குக் காணிக்கையாக்கினார். தந்தையின் பெயரும் உம்பெர்த்தோ என்பதே.

கதை மிகச் சிறியது. உம்பெர்த்தோ டொமெனிக்கோ ஃபெராரி ஓய்வுபெற்ற அரசு அலுவலர். மனைவி மக்கள் இல்லை. துணை என்று சொல்ல ஒரு நாய் மட்டுமே. ஓய்வூதியம் வாடகைக்கும் உணவுக்கும் போதவில்லை. பாக்கி பதினைந்தாயிரம் லிராவையும் முழுதாகக் கட்டாவிட்டால் வெளியேற வேண்டும் என்கிறாள் வீட்டுக்காரி. அவர் இல்லாத வேளைகளில் அவருடைய அறையையே பிறருக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறாள். கைக்கடிகாரத்தை விற்கிறார், புத்தகங்களை விற்கிறார், விற்பதற்கு இனி ஒன்றுமில்லை என்னும் நிலையில், எஞ்சி நிற்பது இரத்தல் ஒன்றே.

இங்கேதான் படத்தின் உயிர்நிலை இருக்கிறது. ரோம் நகரில் பாந்தியன் என்னும் பழம்பெரும் கட்டடத்தின் அருகே முதியவர் நிற்கிறார். கையை நீட்டலாமா என்று தமக்குள் ஒத்திகை பார்க்கிறார், நீட்டுகிறார். அவ்வழியே வந்த ஒருவர் காசு கொடுக்க முற்படும் அக்கணத்தில், உள்ளங்கை சட்டெனக் கவிழ்கிறது. மழைத்தூறல் விழுகிறதா என்று பார்ப்பவர்போல நின்றுவிடுகிறார். வந்தவர் காசைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுகிறார். அடுத்து, தொப்பியை நாயின் வாயில் கொடுத்துப் பின்னங்கால்களில் நிற்கவைத்துவிட்டு, தாம் தூணுக்குப் பின்னே மறைகிறார். தம்மை அறிந்த பெரிய மனிதர் ஒருவர் வந்து நாயை அடையாளம் கண்டதும், அது விளையாடுகிறது என்று பாசாங்கு செய்கிறார். வள்ளுவர் ‘இரவச்சம்’ என ஓர் அதிகாரமே வகுத்தார். அந்த அச்சம் ஒரு மனிதனின் மணிக்கட்டில் எவ்வாறு தோன்றும் என்பதை இப்படம் காட்டுகிறது. ஒரு சொல்லும் இல்லை. ஒரு துளிக் கண்ணீரும் இல்லை.

இந்தக் கைக்கு உரியவர் யார்? தொழில்முறை நடிகர் அல்லர். ஃபிளாரன்ஸ் பல்கலைக்கழகத்தின் மொழியியல் பேராசிரியர் கார்லோ பத்திஸ்தி. 1882இல் பிறந்தவர். ஜொவான்னி அலெஸ்ஸியோவுடன் சேர்ந்து இத்தாலிய மொழியின் சொற்பிறப்பு அகராதியை ஐந்து தொகுதிகளாக உருவாக்கியவர். சொல்லின் வேரைத் தேடுவதிலேயே ஆயுளைக் கழித்த அறிஞர், சொல்லற்ற ஒரு கையசைவினால் உலகறிந்த நடிகராகிவிட்டார். டி சிக்காவே பேர்பெற்ற நடிகர்தாம். எனினும், 1948இல் எடுத்த ‘சைக்கிள் திருடர்கள்’ படத்துக்கு லாம்பெர்ட்டோ மஜ்ஜொரானி என்ற ஆலைத் தொழிலாளியைத் தேர்ந்தெடுத்ததுபோலவே, இதற்கு ஒரு பேராசிரியரைத் தேடிப் பிடித்தார். வறுமையை நடித்துக் காட்டிவிடலாம். படித்த மனிதனின் கூச்சத்தை நடித்துக் காட்டுவது அரிது. பத்திஸ்தியின் நிமிர்ந்த முதுகிலும் நேர்த்தியான உடையிலும் அது இயல்பாகவே இருக்கிறது.

இவரோடு ஒப்புநோக்க வேண்டிய முதியவர் ஒருவர் உண்டு. சுவீடனின் இங்மர் பெர்க்மன் 1957இல் எடுத்த ‘காட்டு ஸ்ட்ராபெர்ரிகள்’ படத்தில், விக்டர் ஷோஸ்ட்ரோம் ஓய்வுபெற்ற பேராசிரியராக வருகிறார். சிறப்புப் பட்டம் பெறுவதற்காக லுண்ட் நகருக்குக் காரில் செல்லும் ஒரு நாளே அக்கதை. ஷோஸ்ட்ரோம் மௌனப்பட காலத்தின் பெரும் இயக்குநர், இதில் நடித்தபோது எழுபதைக் கடந்திருந்தார், 1960இல் மறைந்தார். அங்கே நடிகர் பேராசிரியராகிறார். இங்கே பேராசிரியர் நடிகராகிறார். அங்குள்ள முதியவருக்குச் செல்வமும் சிறப்பும் உண்டு. பிறரை நேசிக்காமல் வறண்டுபோன நெஞ்சே அவர் துயரம். இங்குள்ளவருக்கோ எதுவுமில்லை, நேசிப்பதற்கு ஒரு நாய் உண்டு. இருவரில் யார் ஏழை என்ற வினா இரண்டையும் பார்த்தவர் மனத்தில் எழாமல் இராது.

படம் வெளிவந்தபோது இத்தாலியில் அதற்கு நல்வரவு கிட்டவில்லை, வசூலும் இல்லை. அரசில் துணைச் செயலராக இருந்த ஜூலியோ அந்த்ரேயோத்தி, நாட்டைப் பற்றி உலகுக்குத் தவறான சித்திரம் தருவதாக டி சிக்காவைக் குறைகூறிப் பகிரங்கக் கடிதம் எழுதினார். வறுமை இருப்பது இழிவா, அதைக் காட்டுவது இழிவா? நம் வீட்டுக் குறை வெளியே தெரியலாகாது என்று மூடிவைக்கும் பழக்கம் அரசாங்கங்களுக்கு மட்டும் உரியதன்று. மூடிவைப்பதால் மானம் காக்கப்படுவது மூடிவைப்பவருக்கே. உள்ளே பசித்திருப்பவருக்கு அன்று.

குறைகளும் உண்டு. வீட்டுக்காரி ஒரே நிறத்தில் தீட்டப்பட்டவள். அவளிடம் மனிதத்தன்மையின் சாயலே இல்லை. காட்சி தானாகவே நெஞ்சைத் தொடும் இடங்களிலும் இசை குறுக்கிட்டு நம்மை அழவைக்க முயல்கிறது. ஆனால் வேலைக்காரப் பெண் மரியாவாக வரும் மரியா பியா காசிலியோ இக்குறைகளை மறக்கச் செய்கிறார். விடியற்காலையில் அவள் அடுப்பு மூட்டுகிறாள். சுவரில் ஊரும் எறும்புகளின்மேல் தண்ணீர் தெளிக்கிறாள். காப்பிக் கொட்டை அரைத்தபடியே கால்விரல் நீட்டிக் கதவைச் சாத்துகிறாள். மணமாகாமலே கருவுற்ற அவளுடைய கலக்கம் அனைத்தும் அச்சிறு வேலைகளுக்கிடையே கண்ணில் நிறைகிறது. அவ்வீட்டில் முதியவரிடம் பரிவு காட்டுபவள் அவள் ஒருத்தியே.

இறுதியில் முதியவர் நாயை அணைத்துக்கொண்டு இரயில் பாதையருகே நிற்கிறார். அஞ்சிய நாய் திமிறி ஓடிவிடுகிறது. பிறகு அதன் நம்பிக்கையைத் திரும்பப் பெற, கீழே கிடந்த பைன் மரக்காய் ஒன்றை எடுத்து விளையாட்டுக் காட்டுகிறார். நாயின்மேல் இத்தனை பற்றா என முகஞ்சுளிப்போர், தாகித்த நாய்க்கு நீர் மொண்டு கொடுத்தவர் இறைமன்னிப்புப் பெற்ற நபிமொழிச் செய்தியை நினைத்துப் பார்ப்பார்களாக. அன்றிரவு அவர் எங்கே படுப்பார் என்பதைப் படம் சொல்லவில்லை. அது நம்மிடமே விடப்பட்டுள்ளது. நம் தெருவிலும் வெளுத்த சட்டையும் நிமிர்ந்த நடையுமாக ஒருவர் போகிறார். அவர் கை நீளாததால் தேவையில்லை என்று கொள்ளலாகாது. கவிழ்ந்த கையையும் படிக்கத் தெரிந்த கண் வேண்டும். அந்தக் கண்ணைத் தருவதாலேயே இப்படத்தைக் குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கலாம் என்கிறேன்.