சொன்னதைச் செய்யும் இயந்திரங்கள்

இறப்பையும் இழப்பையும் நகைப்புக்குரிய கோணத்தில் காட்டி, அந்த நகைப்பாலேயே வலியை ஆழப்படுத்தும் முறை அவல நகைச்சுவை எனப்படும். நடப்பில் இல்லாத ஒரு நிலையைக் கற்பித்துக்கொண்டு அதன் விளைவுகளைப் பின்தொடரும் எழுத்து ஊகப் புனைவு எனப்படும். எண்வகை மெய்ப்பாடுகளைத் தொகுக்கும் தொல்காப்பியம் நகையை முதலிலும் அழுகையை அதற்கு அடுத்தும் வைக்கிறது. நகையையும் அழுகையையும் ஒரே நிகழ்வில் பொருத்துவதற்கு ஊகப் புனைவு வகை ஆங்கிலச் சிறுகதை கண்ட வழிகளுள் ஒன்று, ஏவியதைப் பிசகாமல் செய்யும் கருவியைத் துயரத்தின் நடுவே நிறுத்துவதாகும்.

இவ்வகையின் முன்னோடியாக டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸின் 'குரங்கின் பாதம்' (1902) கதையைக் கொள்ளலாம். துறைமுகத் தொழிலாளரைப் பற்றிய நகைச்சுவைக் கதைகளால் பெயர்பெற்ற ஜேக்கப்ஸ், இதில் வரம் தரும் பாதத்திடம் ஒரு தந்தையை 200 பவுன் கேட்கவைக்கிறார். மறுநாள் மகன் ஆலை இயந்திரத்தில் சிக்கி இறக்க, பொறுப்பேற்க மறுக்கும் நிறுவனம் அவனது பணியைப் பாராட்டி அதே 200 பவுனை அனுப்புகிறது. கேட்டது கேட்டபடியே கிடைத்துவிடுவதுதான் கதையின் கொடூரமும் நகையும் ஆகும்.

மந்திரப் பொருளின் இடத்தைத் தானியங்கிக் கருவி பிடித்துக்கொண்டதை, 'காலியர்ஸ்' இதழ் 1950இல் வெளியிட்ட இரு கதைகள் காட்டுகின்றன. ரே பிராட்பரியின் 'மென்மழை வரும்' கதையில் அணுகுண்டு வெடிப்பில் குடும்பம் மாண்டு, அவர்களது நிழலுருவங்கள் மட்டும் வெளிச்சுவரில் பதிந்திருக்க, தானியங்கி வீடோ காலைச் சிற்றுண்டி சமைக்கிறது. எந்தக் கவிதையைப் படிக்கட்டும் என்று இல்லத்தரசியிடம் கேட்டு, விடை வராததால் தானே ஒன்றைத் தேர்ந்து படிக்கிறது. பட்டினியோடு திரும்பிவந்து இறக்கும் வளர்ப்பு நாயைத் துப்புரவு இயந்திர எலிகள் குப்பையாகக் கருதி அகற்றுகின்றன. கர்ட் வானகட்டின் 'எபிகாக்' கதையிலோ, போர்த் தேவைக்காகக் கட்டப்பட்ட கணினி, தன்னை இயக்குபவனின் காதலிக்காகக் கவிதை எழுதத் தொடங்கி, அவளைத் தானே காதலித்து, இயந்திரத்தைப் பெண் காதலிக்கமுடியாது என்றறிந்து தன்னைத் தானே எரித்துக்கொள்கிறது. எனினும் சாகும் முன் அவர்களது 500 ஆண்டுத் திருமண நாள்களுக்கு வேண்டிய கவிதைகளைப் பரிசாக எழுதிவைக்கிறது.

அலெக்சாண்டர் வைன்ஸ்டீனின் 'யாங்குக்கு விடைகொடுத்தல்' (2016இல் வெளிவந்த தொகுப்பிலுள்ளது) இழப்பை வீட்டுச் செலவுக் கணக்குக்குள் கொண்டுவருகிறது. தத்தெடுத்த சீனக் குழந்தைக்கு அண்ணனாக வாங்கப்பட்ட இயந்திர இளைஞன் சிற்றுண்டிக் கிண்ணத்தில் தலையை மோதிக்கொண்டே பழுதாகிவிட, தந்தை பழுதுபார்ப்பவர்களிடம் அலைகிறார். பொருளைப் பற்றிய அலைச்சலாகத் தொடங்குவது மகனைப் பறிகொடுத்தவரின் துக்கமாகச் சிறுகச் சிறுக மாறுவதை வாசகர் உணரும்போது சிரிப்பு நின்றுவிடுகிறது.

சிறுகதைக்கு வெளியே, சார்லி புரூக்கர் எழுதிய 'பிளாக் மிரர்' தொலைக்காட்சித் தொடரின் 'பி ரைட் பேக்' (2013) அத்தியாயம் சொன்னபடி செய்யும் கருவியால் இழந்தவரை ஈடுசெய்ய முடியாது என்பதை வெளிப்படையாகவே சொல்கிறது. ஒரு பெண்ணின் இறந்த துணைவனுடைய இணையப் பதிவுகளிலிருந்து உருவான நகல், பாறையிலிருந்து குதிக்க அவள் சொன்னால் குதிக்கத் துணிகிறது. உண்மையானவன் அஞ்சி அழுதிருப்பான் என்பதே அவளது புலம்பலாகிறது. அன்பை அடையாளம் காட்டுவது மறுக்கும் உரிமை என்பதையும், துயரப்படுபவர் தேடுவது தம் சொல்லைத் தட்டக்கூடிய இன்னொரு மனத்தையே என்பதையும் இக்கதைகள் ஒருசேர நிறுவுகின்றன.

புனைவின் இந்தக் கற்பனை நடப்பிலிருந்து வெகுதொலைவில் இல்லை. சோனி நிறுவனம் 1999இல் அறிமுகப்படுத்திய ஐபோ இயந்திர நாய்களின் உற்பத்தி 2006இலும் பழுதுபார்ப்புச் சேவை 2014இலும் நின்றபின், ஜப்பானின் இசுமி நகரிலுள்ள கோஃபுகுஜி பௌத்த ஆலயத்தில் 2015 முதல் அவற்றுக்கு இறுதிச் சடங்குகள் நடைபெற்றன. சடங்கு முடிந்ததும் அவற்றின் உறுப்புகள் கழற்றப்பட்டு, இன்னும் இயங்கும் நாய்களுக்குப் பொருத்தப்பட்டன.