படம் பார்த்தோர் கூற்றும் திரைப்பட விமர்சனமும்

ஒரு திரைப்படத்தைப் பற்றிய முதலாவது விமர்சனம் பத்திரிகையில் எழுதப்படுவதன்று. அது படமாளிகை வாயிலிலும், பஸ் தரிப்பிடத்திலும், விடுதி அறையிலும் "படம் எப்படி?" என்னும் வினாவுக்கு விடையாகப் பிறப்பது. "நல்ல படம்", "பரவாயில்லை", "வீண் காசு", "பாட்டுக்காகப் பார்க்கலாம்" என ஒன்றிரண்டு சொற்களில் அமையும் அவ்விடையே பெரும்பாலும் ஒரு படத்தின் தலைவிதியை நிர்ணயிக்கிறது. கற்றறிந்த விமர்சகர் தமது கட்டுரையை எழுதி முடிக்குமுன்னரே படம் படமாளிகையை விட்டு நீங்கிவிடுவதும் உண்டு. இத்துணை வலிமை வாய்ந்த இக்கூற்றுக்களை நம்மவர் இருவகையாக நோக்குவர். ஒரு சாரார் இவற்றைப் பாமர இரசனையென ஒதுக்குவர். மற்றொரு சாரார் மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பென ஏற்பர். இவ்விரு நோக்கும் குறைபாடுடையன. சாதாரணப் பார்வையாளரின் கூற்றைத் தீர்ப்பாகக் கொள்ளாது சான்றாகக் கொண்டு விசாரித்தலே விமர்சகரின் முதற்பணி என்பது இக்கட்டுரையின் வாதமாகும்.

இதற்கு உதாரணமாக 1977ஆம் ஆண்டு வெளிவந்த 'பொன்மணி'யை எடுத்துக்கொள்ளலாம். சிங்களச் சினிமாவிற் புதிய தடம் பதித்து 2018இல் மறைந்த தர்மசேன பத்திராஜ நெறிப்படுத்திய தமிழ்ப்படம் அது. திரைக்கதையை எழுதியவர் காவலூர் இராசதுரை. சீதனமும் சாதியும் யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றின் பெண்களை எவ்வாறு கட்டிப்போடுகின்றன என்பதே அதன் பொருள். அக்காலத்தில் அது வணிக வெற்றி பெறவில்லை. இன்றோ இலங்கைத் தமிழ்ச் சினிமா பற்றி எழுதுவோர் எவரும் அதனைத் தவிர்ப்பதில்லை. இவ்விரு நிலைகளுக்குமிடையே உள்ள தூரம் சிந்தனைக்குரியது.

அண்மையில் இப்படத்தை நண்பர்கள் சிலருடன் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது. படம் முடிந்து தேநீர் அருந்துகையில் மூன்று கூற்றுக்கள் எழுந்தன. "படம் சரியான மெதுவாய்ப் போகுது" என்றார் ஒருவர். "எங்கட வீட்டில நடக்கிறதைப் பார்க்கப் படத்துக்கு வரவேணுமோ?" என்றார் மற்றொருவர். "எங்கட கதையைப் படத்தில கேட்கச் சிரிப்பு வருகுது" என்றார் மூன்றாமவர். இவர்கள் சினிமாவைக் கற்றவர்களல்லர்; தாம் உணர்ந்ததை ஒளிக்காது கூறியவர்கள். ஆகவே இக்கூற்றுக்களை ஒவ்வொன்றாக ஆராய்தல் தகும்.

'மெதுவாகப் போகிறது' என்பது ஓர் ஒப்பீடு. எதனோடு ஒப்பிட்டு? நமது படமாளிகைகளைப் பல தசாப்தங்களாக நிறைத்து வந்தவை தென்னிந்தியப் படங்களே. சம்பவம், பாட்டு, நகைச்சுவை, சண்டை என மாறிமாறி வரும் அவற்றின் கதியே நமது கண்ணுக்குப் பழகிய கதி. எனவே அக்கூற்று படத்தைப் பற்றியது மட்டுமன்று. பார்த்தவரின் பழக்கத்தைப் பற்றியதுமாகும். ஆயின் இவ்விடத்தில் நின்றுவிடும் விமர்சகர் தமது வசதிக்காகவே நிற்கிறார். மெதுவாக நகர்தல் ஒரு படத்தின் உண்மையான குறையாகவும் இருக்கலாம். இதனைத் தெளியும் பொருட்டு, "எந்த இடத்தில் மெதுவாகத் தெரிந்தது?" என்று நண்பரிடம் வினவினேன். சற்று யோசித்த அவர், பெண்கள் வீட்டுக்குள் காத்திருக்கும் இடங்களைக் குறிப்பிட்டார். பின்னர் தாமாகவே, "அவையளுக்கும் காலம் அப்பிடித்தானே போயிருக்கும்" என்றார். ஒரேயொரு வினாவால் அபிப்பிராயம் விமர்சனமாக மாறிய கணம் அது. படத்தின் கதிக்கும் அதன் பொருளுக்குமுள்ள தொடர்பை அவருக்கு எவரும் போதிக்கவில்லை. அவரது சலிப்பிலேயே அது பொதிந்திருந்தது.

இரண்டாவது கூற்று மேலும் நுணுக்கமானது. தம் வீட்டில் நடப்பது திரையில் உள்ளது என்று கூறுபவர், படத்தின் யதார்த்தத்துக்குத் தாமறியாமலே சான்று பகர்கிறார். அதே வேளையில் அந்த யதார்த்தம் தமக்கு வேண்டாமென்றும் கூறுகிறார். பகலெல்லாம் உழைத்தவர் இரவிற் சிறிது மறதியை நாடுவதிற் பழிப்பதற்கு ஏதுமில்லை. ஆனால் சீதனக் கொடுமையை அறிந்திருத்தல் வேறு, அதனை எதிரே நிறுத்திப் பார்த்தல் வேறு. வீட்டுக்குள் நாம் அதன் பங்காளிகள். படமாளிகையில் அதன் சாட்சிகள். சாட்சியாக இருத்தலின் சங்கடத்தையே நண்பர் குறையாக உரைத்தார்.

மூன்றாவது கூற்றே என்னை மிகவும் வருத்தியது. தாயோடும் தோழரோடும் நாள்தோறும் பேசும் மொழி திரையில் ஒலிக்கையில் நமக்கே ஏன் சிரிப்பு வருகிறது? காதலும் துயரும் பிறிதொரு பிரதேசத்தின் வழக்கிலேயே பேசப்படவேண்டுமென நமது செவி பழகிவிட்டது. நமது பேச்சுக்கு எஞ்சியது நகைச்சுவை மட்டுமே. இதனை இரசனைக் குறைவென்று கூறி அமைதல் இயலாது. தன்னைத் தானே பாராத சமூகமொன்று முதன்முறை கண்ணாடி முன் நின்று கூசுவதைப் போன்றது அச்சிரிப்பு.

பார்வையாளர் பிறப்பாலேயே குறைந்த இரசனையுடையவர் என்னும் எண்ணத்தை நமது கூத்து மரபு மறுக்கிறது. மட்டக்களப்புக் கூத்திற் சட்டங்கொடுத்தல் தொடங்கிச் சதங்கை அணிதல் ஊடாக அரங்கேற்றம் வரை ஊரவர் பயிற்சியைக் கண்டு வருவர். கதை அவர்கள் முன்னரே அறிந்தது. ஆதலால் 'அடுத்து என்ன நிகழும்' என்பதன்றி, எவ்வாறு ஆடினான், எவ்வாறு பாடினான், தாளம் பிசகிற்றா என்பனவே அவர்களது பேச்சாயின. ஏடறியாத கிழவரும் அங்கே நுண்ணிய விமர்சகராக விளங்கினார். பயிற்சியும் பரிச்சயமும் இருந்த இடத்திற் பொதுமக்களின் கூற்றுக்கு நுட்பமும் இருந்தது. சினிமாவில் அப்பரிச்சயம் நமக்குக் கிட்டாமையாலேயே 'கதை என்ன?' என்பதோடு நமது பேச்சு முடிகிறது.

முதற் கூற்று முடிந்த தீர்ப்பன்று என்பதற்குச் சிங்களச் சினிமாவும் சான்று. கலையகச் சுவர்களை விட்டு வெளியேறி லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1956இல் அளித்த 'ரேகாவ' உள்நாட்டில் வசூலிற் தோல்வியுற்றது. மறு ஆண்டு கான் திரைப்பட விழாவின் போட்டிக்குச் சென்ற அப்படம் இன்று சிங்களச் சினிமாவின் திருப்புமுனையாகக் கொள்ளப்படுகிறது. அவர் தொடர்ந்து படமெடுத்தார். பார்வையாளரும் தொடர்ந்து பார்த்துப் பழகினர். இலங்கைத் தமிழ்ச் சினிமாவுக்கோ அத்தகைய அவகாசம் கிட்டவில்லை. 'பொன்மணி'க்கு அடுத்த ஆண்டு செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய 'வாடைக்காற்று' வந்தது. பின்னர் 1983 ஆடிக் கலவரத்திற் படமாளிகைகளும் படச்சுருள்களும் எரிந்தன. போர் மூண்டது. பழகிக்கொள்ளப் படமுமில்லை, திருத்திக்கொள்ளத் தருணமுமில்லை. ஆகவேதான் வாயிலில் உதிரும் ஒரு சொல் நமது சூழலில் ஏனைய இடங்களிலும் பார்க்கப் பாரமுடையதாகிறது.

இதனாற் குற்றமெல்லாம் பார்வையாளருடையதென்று கொள்ளற்க. விமர்சகரும் தம்மை விசாரித்துக்கொள்ளல் வேண்டும். 'விருது பெற்ற படம்' என்பது 'நூறு நாள் ஓடிய படம்' என்பதைப் போலவே பிறர் தீர்ப்பை இரவல் வாங்குவதாகும். இரண்டிலும் காரணம் கூறப்படுவதில்லை. விளங்காக் கலைச்சொற்களை அடுக்கி ஒரு படத்தைப் புகழ்பவர், "நல்ல படம்" என்று சொல்லி நடப்பவரிலும் அதிகம் கூறியவராகார். பின்னவரிடம் நேர்மையாவது உண்டு.

இன்று படம் பார்த்தோரின் கூற்று கைத்தொலைபேசி வழியாக மறுகாட்சிக்கு முன்னரே ஊரெங்கும் பரவுகிறது. அதன் வேகத்தைத் தடுத்தல் இயலாது, தடுக்கவும் வேண்டியதில்லை. ஆனால் பல்கலைக்கழகத்திற் பயிலும் நாம் அடுத்த முறை "படம் எப்படி?" என்ற வினாவுக்கு விடை பெற்றதும், "ஏன்? எந்த இடத்தில்?" என மேலும் இரு வினாக்களைத் தொடுக்கலாம். அவ்வினாக்களைப் பிறரிடம் தொடுக்குமுன் நம்மிடமே தொடுத்தல் நன்று. நம் மண்ணில் இனி எடுக்கப்படும் படங்களின் வாழ்வு ஓரளவேனும் அவற்றிலே தங்கியுள்ளது.