முதல் கேள்வி

த்ரில்லர் எழுதுகிறவர்கள் வழக்கமாக வில்லனைக் கடைசி அத்தியாயம் வரை ஒளித்து வைப்பார்கள். மேரி ஹிக்கின்ஸ் கிளார்க் 1975-ல் எழுதிய ‘வேர் ஆர் தி சில்ட்ரன்?’ நாவலில் ஆசாமி ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறான். மேட்டு வீட்டு ஜன்னலில் டெலஸ்கோப்பை வைத்துக்கொண்டு, கீழே ஒரு தாயையும் அவளுடைய 2 குழந்தைகளையும் நோட்டம் விடுகிறான். அவன் யார் என்பதுதான் பாக்கி.

அந்தத் தாய் நான்சி. கலிஃபோர்னியாவில் அவளுடைய முதல் 2 குழந்தைகள் கொலையான வழக்கில் அவளுக்கே தண்டனை கிடைத்து, சட்டத்தின் சந்துபொந்தில் வெளியே வந்தவள். தலைமுடிக்குச் சாயம் பூசிக்கொண்டு, கேப் காட் கடற்கரைப் பக்கம் வந்து மறுகல்யாணம் செய்து, மறுபடி 2 குழந்தைகள். 7 வருடம் கழித்து அவள் பிறந்த நாளன்று உள்ளூர்ப் பத்திரிகையில் பழைய கதை போட்டோவோடு வருகிறது. அதே காலையில், வீட்டு வெளியில் விளையாடிய குழந்தைகளைக் காணோம். ஒரு சிவப்புக் கையுறைதான் மிச்சம்.

மொத்தக் கதையும் ஒரே நாளில் முடிகிறது. அவள் செய்யவில்லை என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். ஊருக்கும் போலீசுக்கும் தெரியாது. குழந்தைகள் கிடைப்பார்களா என்பதைவிட, ‘இவளை யாராவது நம்புவார்களா?’ என்பதுதான் பக்கத்தைப் புரட்ட வைக்கிறது. நாவலுக்குப் பொறி, 1965-ல் நியூயார்க்கில் நடந்த நிஜ வழக்கு. காணாமல் போன 2 குழந்தைகள் பிணமாகக் கிடைக்க, தாய் மீதே குற்றம் சாட்டினார்கள். தடயத்தைவிட அவளுடைய மேக்கப்பும் ஆண் சிநேகிதமும்தான் அதிகம் பேசப்பட்டன.

அமெரிக்கா சமாச்சாரம், நமக்கென்ன என்கிறீர்களா? தேனி மாவட்டத்துக்கு வாருங்கள். கம்பம், கூடலூர், போடிப் பக்கம் கருக்கலிலேயே ஜீப்புகள் கிளம்பும். தூக்குவாளியும் கையுமாகப் பெண்கள் நெருக்கியடித்து ஏறி, கம்பம் மெட்டு, குமுளி, போடி மெட்டு வழியாகக் கேரளாவின் ஏலத்தோட்டங்களுக்குப் போவார்கள். தூங்குகிற பிள்ளையை மாமியாரிடமோ பக்கத்து வீட்டிலோ விட்டுத்தான் போகணும். அதில் ஒரு பிள்ளை காணாமல் போனால் ஊர் முதலில் யாரை விசாரிக்கும்? அப்பனையா? சான்ஸே இல்லை.

வருசநாட்டு மலைக்கு அந்தப் பக்கம், வத்திராயிருப்பு அருகே அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காள் கோயில் இருக்கிறது. பஞ்சத்தில் 7 பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் குதித்தவள். நான்சி செய்யாத கொலைக்குக் குற்றவாளி. நல்லதங்காள் செய்தே விட்டவள். ஆனாலும் கதை சொன்ன நம் பாட்டிகள் பஞ்சத்தையும், சோறு போடாத அண்ணி மூளி அலங்காரியையும்தான் முதலில் கூண்டில் ஏற்றினார்கள். அந்த நியாயம் நாவலில் வருகிற ஊர்க்காரர்களுக்கு இல்லை.

எனக்கு ஒரு குறை உண்டு. நான்சி வாயால் சொன்னபோது நம்பாதவர்கள், ஒரு டாக்டர் மயக்க ஊசி போட்டு அவளைப் பேச வைத்ததும் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள். பெண் சொன்னால் போதாது, ஊசி சொல்லணும்! கிளார்க் இதை உறுத்தலில்லாமல் கடந்துவிடுகிறார். தற்செயல்களும் ஒன்றிரண்டு அதிகம். ஆனால் கடைசியில் நான்சியையே ஓடவிட்டுக் கணக்கைச் சரிசெய்கிறார். முடிவைச் சொல்ல மாட்டேன்.

கிளார்க் கணவரை 1964-ல் இழந்தவர். 5 பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, அவர்கள் எழுவதற்கு முன் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதியவர். அதனால்தான் பயம் இவ்வளவு நிஜமாக இருக்கிறது. 2020-ல் காலமானார்.

தலைப்பை மறுபடி பாருங்கள்: ‘குழந்தைகள் எங்கே?’ கேட்க வேண்டிய கேள்வி அதுதான். நாம் கேட்பதோ வேறு: ‘‘நீ எங்கடி போயிருந்த?’’