குற்றத்தின் விலை: காரி பெக்கரின் கொள்கை பற்றிய ஒரு திறனாய்வு

குற்றஞ் செய்பவன் பித்தனுமல்லன், பிறவிக் கொடியவனுமல்லன். ஊதியத்தையும் இழப்பையும் கணக்கிட்டு நடக்கும் சாதாரண மனிதனே எனக் கொண்டு ஒரு கொள்கையை நிறுவியவர் அமெரிக்கப் பொருளியலறிஞர் காரி பெக்கர். 1968இல் வெளிவந்த அவரது ‘குற்றமும் தண்டனையும்: ஒரு பொருளியல் அணுகுமுறை’ என்னும் கட்டுரை உருசியப் பெருநாவலொன்றின் பெயரைத் தாங்கியது; எனினும் அந்நாவலின் மனவேதனைக்கு அதில் இடமில்லை. மாணவரொருவரின் வாய்மொழிப் பரீட்சைக்குப் பிந்திச் சென்ற பெக்கர், தரிப்பிடக் கட்டணத்தையும் தண்டப்பணத்தையும் பிடிபடும் நிகழ்தகவையும் ஒப்புநோக்கியபின், காரை விதிக்கு மாறாக வீதியிலேயே நிறுத்திச் சென்றாராம். 1992இல் நோபெற் பரிசு பெற்றபோது அவரே இதனைக் கூறினார்.

கொள்கை எளியது. தண்டனையின் கடுமையைப் பிடிபடும் நிகழ்தகவாற் பெருக்கினால் வருவதே குற்றத்தின் விலை. கள்வரைப் பிடிப்பதற்குப் பொலிசும் நீதிமன்றமும் வேண்டும், அவற்றுக்குப் பெருஞ்செலவாகும். தண்டப்பணத்தை இருமடங்காக்குவதற்கோ செலவு மிகக் குறைவு. ஆகவே சிலரை மட்டும் பிடித்து அவர்களைக் கடுமையாகத் தண்டிப்பது சிக்கனமெனத் தோன்றும். குற்றத்தை முற்றாக ஒழிக்க முயல்வதும் ஒரு வீண்செலவாகலாம் என்பதைத் துணிந்து காட்டியமை பெக்கரின் பெருமை என்பதில் ஐயமில்லை.

ஆயின், தண்டனையின் கொடுமையினும் அதன் தவறாமையே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலியரான பெக்காரியா 1764இலேயே எழுதினார். அனுபவமும் அவர் பக்கமே சார்ந்து நிற்பதைப் பெக்கர் அறிவார். அதற்கு அவர் தரும் விளக்கம், குற்றவாளிகள் இடர் விரும்பிகள் என்பதாகும். இது விளக்கமன்று; புதிராக நின்ற ஒன்றுக்கு இட்ட பெயர் மட்டுமே.

இக்கொள்கையின் மெய்யான குறை வேறிடத்திலுள்ளது. அதன் பிரதான வாதத்தில், நிகழ்தகவும் கடுமையும் அரசு தனித்தனியே திருகக்கூடிய இரு ஆணிகளாக அமைகின்றன. ஒன்றைத் திருகினால் மற்றையது தானே தளருமென்பதை இங்கிலாந்தின் வரலாறு காட்டுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டில் இருநூறுக்கு மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. வீட்டினுள் 40 சிலின் பெறுமதியுள்ள பொருளைத் திருடியவன் சாகவேண்டும். யூரிமார் செய்ததென்ன? திருடப்பட்ட பொருளின் பெறுமதி 39 சிலின் எனத் தீர்ப்பளித்தனர்! சத்தியஞ் செய்துவிட்டுச் சொன்ன பொய்யேயெனினும், அஃது ஓருயிரைக் காத்தது. அக்காலத்தில் வழக்குத் தொடுப்பவர் பெரும்பாலும் பொருளை இழந்தவரே; செலவும் அவரதே. சில சிலின்களுக்காக ஒருவனைத் தூக்குமரத்துக்கு அனுப்ப எத்தனை பேர் முன்வருவர்?

சாமுவேல் உரொமிலி 1808இல் சட்டைப்பைத் திருட்டுக்கான மரணதண்டனையை நீக்குவித்தார். அதன்பின் அக்குற்றத்திற்கான வழக்குகள் பெருகின. எதிர்த்தரப்பினர் திருட்டுப் பெருகிவிட்டதென்றனர். வழக்குத் தொடுக்க இருந்த தயக்கமே நீங்கிற்றென்றார் உரொமிலி. உரொமிலிக்கு வலுவான சான்று வணிகரிடமிருந்தே கிடைத்தது. வெளுக்கும் களங்களிலிருந்து துணி திருடுவோர்க்குரிய மரணதண்டனையை நீக்குமாறு, துணி வெளுக்கும் தொழிலதிபர்களே பாராளுமன்றத்துக்கு மனுச் செய்தனர். 1811இல் அது நீக்கப்பட்டது. 1830இல் வங்கியாளரும் கள்ளக் கையொப்பக் குற்றம் பற்றி அவ்வாறே வேண்டினர். இவர்கள் அருளாளர் என்பதைவிடத் தம் பொருளைக் காக்க விரும்பிய கணக்கர் என்பதே பொருந்தும். கள்வனின் கணக்கை நுணுகி வரைந்த பெக்கர், யூரியின் கணக்கையும் வணிகரின் கணக்கையும் அதே அளவு நுணுகி வரையவில்லை.

மென்மையான தண்டமும் எதிர்பார்த்த பயனைத் தருமென்பதற்கில்லை. இசுரவேலின் கைபா நகரிற் பத்துக் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களில் நடத்திய ஆய்வொன்றை கினீசி, உருசுதிச்சினி ஆகிய இருவரும் 2000இல் வெளியிட்டனர். ஆறு நிலையங்களில், பிள்ளையை அழைத்துச்செல்லப் பத்து நிமிடத்துக்கு மேற் பிந்தும் பெற்றோருக்குப் பத்துச் செக்கல் தண்டம் விதிக்கப்பட்டது. பிந்துவோர் தொகை ஏறத்தாழ இருமடங்காயிற்று. முன்பு வெட்கத்துக்குரியதாயிருந்த பிந்துகை, காசு கொடுத்து வாங்கும் சேவையாய்விட்டது. தண்டத்தை நீக்கிய பின்னரும் வெட்கம் திரும்பி வரவில்லை. விலையென்ற சொல்லைப் பெக்கரினும் நன்றாக அப்பெற்றோர் விளங்கிக்கொண்டனர் போலும்.

சிறையைவிடத் தண்டப்பணமே சிறந்ததென்பது பெக்கரின் மற்றொரு முடிபு. சிறை குற்றவாளிக்கும் சமூகத்துக்கும் இழப்பு. தண்டப்பணம் வெறும் கைமாற்றமே. செலுத்த இயலாதவன் சிறை செல்லட்டும் என்கிறார். செய்த தீங்கே தொகையை வரையறுக்கவேண்டுமாகையால், செல்வன் வறியன் என்னும் வேறுபாட்டுக்கு அவருடைய கணக்கில் இடமில்லை. பின்லாந்து 1921 முதல் வருமானத்துக்கேற்ப நாட்கணக்கிற் தண்டம் விதித்து வருகின்றது. அங்கே ஒரே குற்றத்திற்குக் கூலியாள் செலுத்துவது ஒரு தொகை, ஆலையதிபர் செலுத்துவது வேறொரு தொகை.